வேப்பிலை, தகரம், இரண்டு கோடு

(இது எபிசோடின் எழுத்து வடிவம். திரும்பத் திரும்பச் சொன்னதையும், நடுவில் வந்த பைக் சத்தத்தையும் வெட்டியிருக்கேன். மத்தபடி பேசினது பேசினபடி.)



2022 பிப்ரவரி, இரண்டாவது வாரம். எனக்கு வீட்டிலிருந்தே வேலை. சென்னையில் ரூமைக் காலி பண்ணிட்டு, கோட்டக்குப்பத்தில் அக்கா வீட்டு மாடியில் உட்கார்ந்து கோட் எழுதிக்கிட்டு இருந்தேன். கோட்டக்குப்பம் தெரியாதவங்களுக்கு: ஈசிஆரில் சென்னையிலிருந்து வந்தால், பாண்டிச்சேரிக்குள் நுழையறதுக்கு முன்னாடி வர்ற கடைசி ஊர். ஊர் விழுப்புரம் மாவட்டம், தமிழ்நாடு. நாலு எட்டு தெற்கே வெச்சா முத்தியால்பேட்டை, அது புதுச்சேரி. லாக்டவுன் நேரத்தில் அந்த நாலு எட்டுக்கு நடுவில் தடுப்பு போட்டு போலீஸ் நின்னதை இந்த ஊர் மறக்காது.

பள்ளிக்கூடம் திறந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. ஒமிக்ரான் காரணமாக ஜனவரியில் மூடினாங்க, பிப்ரவரி 1 திறந்தாங்க. அக்கா பையன் நாலாவது படிக்கிறான். செவ்வாய்க்கிழமை காலையில் எழுந்தவன் இருமினான், உடம்பு சுட்டது. வீட்டில் எங்க ஆயா இருக்காங்க, எண்பது வயசு, சுகர். மாமா பாண்டிச்சேரியில் ஒரு கடையில் வேலை. போனால்தான் சம்பளம்.

நான் மெடிக்கலுக்குப் போய் வீட்டிலேயே செய்யற கொரோனா டெஸ்ட் கிட் இரண்டு வாங்கிட்டு வந்தேன். ஒண்ணை அன்னிக்கே போட்டோம். ஒரு கோடு. நெகட்டிவ். அக்காவுக்கு நம்பிக்கை வரல, பையனை அனுப்பல. வியாழக்கிழமை இரண்டாவது கிட். முதல் கோட்டுக்குப் பக்கத்தில் பென்சிலால் லேசா கிழிச்ச மாதிரி இன்னொரு கோடு.

கிட்டோட விதி என்ன சொல்லுது? ஆப்பை இன்ஸ்டால் பண்ணு, ரிசல்ட்டை போட்டோ எடு, அப்லோட் பண்ணு. அது அரசாங்கத்தோட கணக்கில் போய்ச் சேரும். நான் சாஃப்ட்வேர் இன்ஜினியர். டேட்டா இல்லாமல் எந்த முடிவும் எடுக்கக் கூடாதுன்னு மீட்டிங்கில் நீட்டி முழக்கறவன். ஆப்பைத் திறந்தேன், பேரும் அட்ரஸும் கேட்ட இடத்தில் விரல் நின்னுடுச்சு. மூடிட்டேன். அப்லோட் பண்ணல.

ஏன் பண்ணலைன்னு அப்புறம் ரொம்ப நாள் யோசிச்சேன். அந்த யோசனையில் படிச்சதுதான் இன்னிக்கு எபிசோடு. வீட்டுக்குள் நோய் இருக்குன்னு முதலில் யாருக்குத் தெரியணும், அதை யார் வெளியே சொல்லணும்? இந்தக் கேள்விக்கு நூறு வருஷத்துக்கும் மேலான கதை இருக்கு.

வேப்பிலை

ஆயாகிட்ட இருந்து ஆரம்பிக்கலாம். அவங்க சின்னப் பிள்ளையா இருந்தப்ப பெரியம்மை இருந்தது. வீட்டில் யாருக்காவது அம்மை போட்டால் வாசலில் வேப்பிலைக் கொத்து சொருகுவாங்க. அவ்வளவுதான், தெருவுக்கே தெரிஞ்சுடும். வெளியாள் உள்ளே வர மாட்டாங்க. அந்த வீட்டில் தாளிக்கிற வாசனை வராது. பிள்ளைங்க பள்ளிக்கூடம் போகாது. தலைக்குத் தண்ணி ஊத்தினதுக்கு அப்புறம்தான் எல்லாம் பழையபடி.

அம்மன் வந்திருக்காள் என்பதுதான் அதுக்கு வீட்டில் சொல்ற காரணம். ஆனால் செயலாகப் பாருங்க: நோயைக் கண்டுபிடிக்கறது வீட்டுப் பெண்கள். அறிவிக்கிறது அந்த வீடே. தனிமைப்படுத்தறதும் அவங்களே. அதில் வெட்கம் குறைவு, ஏன்னா வந்திருக்கிறது ஆத்தா. இதை வெச்சு அந்தக் காலத்தைத் தூக்கிப் பிடிக்க வேண்டாம். பெரியம்மை வந்தவங்கள்ல ஏறக்குறைய மூணில் ஒருத்தர் செத்தாங்க. பிழைச்சவங்களுக்கு முகத்தில் தழும்பு, சிலருக்குப் பார்வை போச்சு. வேப்பிலை யாரையும் குணப்படுத்தல. தகவலைச் சரியா கடத்துச்சு, அவ்வளவுதான்.

பூட்ஸ் கால்

இப்ப ஆயாவோட வாசலிலிருந்து இன்னொரு ஊர் வாசலுக்குப் போகலாம். புனே, 1897. இந்த ஊரை ஞாபகம் வெச்சுக்குங்க, திரும்பி வரப்போறோம்.

1896இல் பம்பாயில் பிளேக் வந்தது. 1897 பிப்ரவரியில் ஆங்கில அரசு ஒரு சட்டம் போட்டது, தொற்றுநோய்கள் சட்டம். பெயர் புதுசா இருக்காது. 2020 மார்ச்சில் தமிழ்நாடு அரசு கொரோனா ஒழுங்குமுறைகளைப் போட்டதும் அதே 1897 சட்டத்தின் கீழ்தான்.

புனேயில் பிளேக் கமிட்டியின் தலைவராக வால்டர் சார்லஸ் ராண்ட் என்ற அதிகாரி வந்தார். நோயாளிகளைத் தேடி வீடு வீடாகச் சிப்பாய்களை அனுப்பினார்கள். பூஜை அறை, சமையல்கட்டு, பெண்கள் இருக்கிற அறை, எதுவும் விதிவிலக்கு இல்லை. நோய் இருப்பதாகச் சந்தேகம் வந்தால் ஆளை மருத்துவமனைக்கும், வீட்டு ஆட்களைத் தனி முகாமுக்கும் கொண்டுபோனார்கள். சாமான்களை எரித்தார்கள்.

ஜனங்கள் என்ன பண்ணாங்க? மறைச்சாங்க. நோயாளியை அலமாரிக்குப் பின்னாடி, பரணில், பக்கத்து ஊர் சொந்தக்காரங்க வீட்டில். நோயைக் கண்டுபிடிக்கப் போட்ட ஏற்பாடே நோயை ஒளிக்க வெச்சுது. 1897 ஜூன் 22, விக்டோரியா மகாராணியின் வைர விழா கொண்டாட்ட ராத்திரி, சாபேகர் சகோதரர்கள் ராண்டைச் சுட்டார்கள். கூட வந்த லெப்டினன்ட் அயர்ஸ்ட்டும் செத்தார். ராண்ட் ஜூலை 3 இறந்தார். சுதந்திரப் போராட்ட வரலாற்றில் இதைப் படிச்சிருப்பீங்க. பொதுச் சுகாதார வரலாற்றிலும் இது ஒரு பாடம்.

அந்தப் பாடத்தை நாடு கொஞ்சமாவது கத்துக்கிட்டதுன்னு சொல்ல ஒரு சாட்சி இருக்கு. 1970களில் பெரியம்மையை ஒழிக்கக் கடைசிக் கட்டத் தேடல் நடந்தப்போவும் வீடு வீடாகத்தான் போனார்கள். ஆனால் கையில் துப்பாக்கி இல்லை, ஒரு படம். அம்மை போட்ட குழந்தையின் படம் போட்ட அட்டை. "இப்படி யாருக்காவது இருக்கா?" என்று வீட்டு வாசலிலும் சந்தையிலும் பள்ளிக்கூடத்திலும் கேட்டார்கள். தகவல் சொன்னால் பரிசு. கடைசியில் அது 1,000 ரூபாய் வரைக்கும் போனது. 1975 மே மாதத்துக்குப் பிறகு இந்தியாவில் பெரியம்மை பரவவில்லை. தடுப்பூசிதான் பெரிய காரணம், சந்தேகமே இல்லை. ஆனால் ஊசியை எங்கே போடணும்னு சொன்னது வீடுகள். சொன்னால் லாபம்னு ஆனதும் வீடுகள் சொன்னது.

பேப்பர் கிளிப் டப்பா

சரி, நோயைச் சோதிக்கிற வேலை வீட்டுக்குள்ளேயே எப்படி வந்தது? அதுக்கு வைரஸிலிருந்து கொஞ்சம் விலகி, கர்ப்பப் பரிசோதனைக்குப் போகணும். ஏன்னா கொரோனா கிட்டோட உடம்பு அங்கிருந்துதான் வருது.

1967, அமெரிக்காவின் நியூஜெர்சி. ஆர்கனான் என்ற மருந்து கம்பெனியில் மார்கரெட் கிரேன் என்ற 26 வயசுப் பெண். கிராபிக் டிசைனர், ஒரு அழகுசாதன வரிசைக்காக வேலைக்கு எடுத்திருந்தாங்க. ஆய்வகத்தில் வரிசையாகத் தொங்கின டெஸ்ட் டியூப்களைப் பார்த்து இதெல்லாம் என்னன்னு கேட்டார். கர்ப்பப் பரிசோதனை, டாக்டர்கள் அனுப்பறாங்கன்னு பதில். இதை ஏன் அந்தப் பொண்ணே வீட்டில் பண்ணக் கூடாதுன்னு அவருக்குத் தோணிச்சு. மேசையில் பேப்பர் கிளிப் வெச்சிருந்த பிளாஸ்டிக் டப்பாவை வெச்சே முதல் மாதிரியைச் செஞ்சார். 1971இல் காப்புரிமை வந்தது. உரிமையை ஒரு டாலருக்கு எழுதிக் கொடுத்தார், அந்த ஒரு டாலரும் கைக்கு வரலைன்னு பிறகு சொல்லியிருக்கார்.

அதுக்கு வந்த எதிர்ப்புதான் நமக்கு முக்கியம். டெஸ்ட் வேலை செய்யாதுன்னு யாரும் பெரிசா சொல்லல. பெண்கள் ரிசல்ட்டைப் பார்த்துப் பதறிடுவாங்க, தப்பா புரிஞ்சுக்குவாங்க, டாக்டர் பக்கத்தில் இல்லாமல் இதெல்லாம் கூடாது, இதுதான் வாதம். கனடாவில் 1971லேயே கடைக்கு வந்த பொருள், அமெரிக்கக் கடைக்கு வர 1977 ஆச்சு.

1988இல் அந்தப் பெட்டி ஒரு குச்சியாகச் சுருங்கியது. கிளியர்புளூ. ஒரு முனையில் திரவம் பட்டால் காகிதப் பட்டை வழியாக ஊர்ந்து போகும். வழியில் நிறத்துகள் ஒட்டிய எதிர்ப்புரதங்கள் காத்திருக்கும். தேடற பொருள் திரவத்தில் இருந்தால் அதைப் பிடிச்சுக்கிட்டு ஓடி, முன்னாடி ஒரு கோட்டில் போய் மாட்டிக்கும். கோடு தெரியும். கொரோனா கிட்டில் பிடிக்கிற பொருள் மட்டும் வேற, வைரஸோட புரதம். மத்தபடி அதே காகிதம், அதே ஓட்டம். இரண்டாவதா இருக்கிற 'சி' கோடு எப்பவும் தெரியணும். அது தெரியலைன்னா டெஸ்ட்டே ஓடலைன்னு அர்த்தம். நம்ம பாஷையில் சொன்னா, சர்வர் உயிரோட இருக்கான்னு பார்க்கற பிங்.

எச்ஐவி டெஸ்ட்டுக்கும் இதே கதைதான். முழுக்க வீட்டிலேயே செஞ்சு ரிசல்ட் பார்க்கிற எச்ஐவி கிட்டுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைச்சது 2012இல். வைரஸைக் கண்டுபிடிச்சு கால் நூற்றாண்டுக்கும் மேல. தொழில்நுட்பம் அதுக்கு ரொம்ப முன்னாடியே தயாரா இருந்தது. ஜனங்ககிட்ட அந்தத் தகவலைக் கொடுக்கலாமாங்கிற நம்பிக்கைதான் தாமதமா வந்தது.

மறுபடியும் புனே

2020 மார்ச். இந்தியாவில் ஆர்டி-பிசிஆர் கிட்டுக்கு வெளிநாட்டை நம்பி இருந்த நேரம். புனேயைச் சேர்ந்த மைலேப் கம்பெனியில் வைராலஜிஸ்ட் மினல் தகாவே போஸ்லே தலைமையில் ஒரு குழு, ஆறே வாரத்தில் கிட்டைத் தயாரிச்சது. மார்ச் 18 மதிப்பீட்டுக்கு அனுப்பினார். அவர் அப்போ நிறைமாத கர்ப்பிணி. அடுத்த நாள் பெண் குழந்தை பிறந்தது. அது ஆய்வகத்தில் செய்யற டெஸ்ட்தான், வீட்டு டெஸ்ட் இல்லை.

ஏப்ரலில் ஒரு சறுக்கல். சீனாவிலிருந்து வந்த ரேபிட் கிட்கள், அதாவது ரத்தத்தில் எதிர்ப்புரதம் இருக்கான்னு பார்க்கிற கிட்கள், மாநிலங்களுக்குப் போச்சு. தமிழ்நாட்டுக்கும் வந்தது. ரிசல்ட் ஒண்ணுக்கொண்ணு ஒத்துவரல. அந்த மாதக் கடைசியில் ஐசிஎம்ஆர், இரண்டு கம்பெனி கிட்களைத் திருப்பி அனுப்பச் சொன்னது. 'ரேபிட்' என்ற சொல்லே கெட்டுப்போச்சு. தமிழ்நாடு அதுக்கப்புறம் ஆர்டி-பிசிஆரைத்தான் முக்கியமா நம்பியது, அதைப் பெருமையாகவும் சொன்னது. நியாயமான பெருமைதான். ஆனால் அதன் அர்த்தம், எங்க ஊர் ஆளுக்குக் காய்ச்சல்னா ஜிப்மருக்கோ முண்டியம்பாக்கத்துக்கோ போய் வரிசையில் நிக்கணும், ரிசல்ட்டுக்கு ஒரு நாளோ இரண்டு நாளோ காத்திருக்கணும்.

2021 மே 19. இரண்டாவது அலையின் உச்சம். தமிழ்நாட்டில் முழு ஊரடங்கு. கடலில் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகெல்லாம் கரையில். அன்னிக்குத்தான் வீட்டிலேயே செய்யற கொரோனா டெஸ்ட்டுக்கு ஐசிஎம்ஆர் முதல் வழிகாட்டுதலை வெளியிட்டது. அனுமதி பெற்ற முதல் கிட் கோவிசெல்ஃப். தயாரிச்சது அதே மைலேப். ஊர்? புனே. சிப்பாய்கள் வீடு புகுந்து நோயாளியைத் தேடின அதே ஊரிலிருந்து 124 வருஷம் கழிச்சு, யாரும் வாசற்படி தாண்டாமல் வீட்டு ஆட்களே சோதிக்கிற பெட்டி வந்தது.

விதிகள் தெளிவா இருந்தது. அறிகுறி இருக்கறவங்களும், உறுதியான நோயாளியோட நெருங்கிப் பழகினவங்களும்தான் செய்யணும். சும்மா எல்லாரும் செய்யக் கூடாது. பாசிட்டிவ்னா பாசிட்டிவ், மறுபடி டெஸ்ட் தேவையில்லை. அறிகுறி இருந்தும் நெகட்டிவ்னா நம்பாதே, ஆர்டி-பிசிஆர் எடு. விலை 250 ரூபாய்.

அந்த 250ஐக் கொஞ்சம் நிறுத்திப் பார்ப்போம். அந்த வருஷம் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலையின் ஒரு நாள் கூலி 273 ரூபாய். ஒரு மூக்குக்கு ஒரு நாள் கூலி. நாலு பேர் இருக்கிற வீடு ஒரு தடவை சோதிச்சா ஆயிரம்.

இலவசமா வந்த பெட்டி

அதே சமயம் வேற நாடுகள்ல என்ன நடந்ததுன்னு பாருங்க. இங்கிலாந்தில் 2021 மார்ச் 8 பள்ளிகளைத் திறந்தாங்க. உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் வாரம் இரண்டு தடவை வீட்டிலேயே சோதிச்சுட்டு வரணும். கிட் இலவசம். பள்ளிக்குப் போற பிள்ளை இருக்கிற வீட்டில் பெரியவங்களுக்கும் வாரம் இரண்டு இலவசம். யோசனை எளிமையானது: பிள்ளையைச் சோதிச்சா பத்தாது, வீட்டைச் சோதிக்கணும்.

அடுத்த கேள்வி, வகுப்பில் ஒருத்தனுக்கு வந்தா கூட இருந்த எல்லாரையும் பத்து நாள் வீட்டுக்கு அனுப்பணுமா? இங்கிலாந்தில் 201 பள்ளிகளில் ஒரு ஆய்வு நடத்தினாங்க. பாதிப் பள்ளிகளில் பழையபடி பத்து நாள் தனிமை. மீதியில் தினமும் ரேபிட் டெஸ்ட், நெகட்டிவ்னா வகுப்புக்கு வரலாம். 2021 செப்டம்பரில் லான்செட்டில் முடிவு வந்தது. தினமும் டெஸ்ட் எடுத்த பள்ளிகளில் பரவல் குறிப்பிடும்படி கூடிடல. அந்த டிசம்பரில் அமெரிக்காவின் சிடிசியும் இந்த முறையைப் பள்ளிகளுக்குப் பரிந்துரைச்சது.

நமக்கு இன்னும் நெருக்கமான ஊர், தமிழும் ஆட்சிமொழியா இருக்கிற சிங்கப்பூர். 2021 ஆகஸ்ட் கடைசியிலிருந்து தபால்காரர் ஒவ்வொரு வீட்டுக்கும் ஆறு கிட் கொண்டுபோய்ப் போட்டார். தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் பாலர் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தனியாகவும் கிட் கொடுத்தாங்க. எல்லாம் சரியா நடந்ததுன்னு சொல்ல மாட்டேன். அங்கேயும் பெற்றோர் சலிச்சுக்கிட்டாங்க, பிள்ளைங்க அழுதுச்சு. ஆனால் டெஸ்ட் எடுக்கற முடிவு பர்ஸைப் பொறுத்ததா இல்லை.

டெஸ்ட்டோட குறையையும் மறைக்காம சொல்லணும். 2021 மார்ச்சில் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பின்படி, இந்த மாதிரி டெஸ்ட்கள் அறிகுறி இருக்கற நோயாளிகளில் சராசரியா 72 சதவீதம் பேரைக் கண்டுபிடிச்சது. அறிகுறி இல்லாதவங்களில் 58 சதவீதம். அதாவது ஒரு கோடு வந்தால் "நோய் இல்லை"ன்னு அர்த்தம் கிடையாது. "இந்த நிமிஷம், இந்த மூக்கில், கண்ணுக்குத் தெரியற அளவு கிடைக்கல" என்று அர்த்தம். எங்க வீட்டில் செவ்வாய் நெகட்டிவ், வியாழன் பாசிட்டிவ் ஆனது கிட்டோட கோளாறு இல்ல. வைரஸ் பெருக நாள் ஆகும். 2022 ஆகஸ்ட்டில் அமெரிக்க எஃப்டிஏ இதையே விதியாகச் சொன்னது: அறிகுறி இருந்து நெகட்டிவ் வந்தால் 48 மணி நேரம் கழிச்சு மறுபடி எடு. எங்க அக்கா அதை ஆறு மாசம் முன்னாடியே, யாரும் சொல்லாம, சந்தேகத்தில் செஞ்சிருந்தாங்க.

மூடின பள்ளிக்கூடம்

இவ்வளவு கவலை எதுக்கு, பள்ளியை மூடிட்டா போச்சேன்னு கேட்கலாம். மூடினோமே. தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரைக்குமான பிள்ளைங்க 2020 மார்ச்சில் வீட்டுக்கு வந்தவங்க, 2021 நவம்பர் 1தான் திரும்பிப் போனாங்க. ஒண்ணாவது சேர வேண்டிய பிள்ளை நேரா இரண்டாவதில் போய் உட்கார்ந்துச்சு.

அதுக்கு என்ன விலைன்னு தமிழ்நாட்டிலேயே அளந்திருக்காங்க. அபிஜீத் சிங், மொரீசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் மூணு பேரும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏறக்குறைய 19,000 பிள்ளைகளைச் சோதிச்சாங்க. 2021 டிசம்பரில், அதே கிராமங்களில் 2019இல் அதே வயசில் இருந்த பிள்ளைகளோட ஒப்பிட்டால், பெரிய இழப்பு. மொழியில் இழந்ததைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கணக்கில். நல்ல செய்தியும் உண்டு. திறந்த ஆறு மாசத்தில் மூணில் இரண்டு பங்கு மீண்டுச்சு. அந்த மீட்சியில் கிட்டத்தட்ட கால் பங்குக்குக் காரணம் இல்லம் தேடிக் கல்வி.

அந்தத் திட்டத்தை முதலமைச்சர் ஸ்டாலின் தொடங்கி வெச்சது எங்க கடற்கரையில்தான். 2021 அக்டோபர் 27, மரக்காணம் பக்கத்தில் முதலியார்குப்பம். படகுத்துறை இருக்கிற செய்யூர் பக்கத்து முதலியார்குப்பம் இல்ல, இது வேற. கோட்டக்குப்பத்திலிருந்து ஈசிஆரில் வடக்கே போனால், உப்பளத்து வெள்ளைக் குவியல்கள் தெரிய ஆரம்பிக்கிற பக்கம். தன்னார்வலர்கள், பெரும்பாலும் அந்தந்தத் தெருப் பெண்கள், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகைக்கு, சாயங்காலம் ஒண்ணரை மணி நேரம் பிள்ளைகளை உட்கார வெச்சுச் சொல்லிக்கொடுத்தாங்க. அதுக்கு முன்னாடி ஆகஸ்ட்டில் மக்களைத் தேடி மருத்துவம் வந்திருந்தது, சுகர் பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவர்ற திட்டம்.

இரண்டு பேரிலும் 'தேடி' இருக்கு பாருங்க. 1897இலும் அரசாங்கம் வீடு தேடித்தான் வந்தது. வந்த ஆளும் வந்த காரணமும்தான் வேற. மாத்திரை வீடு தேடி வந்தது, பாடம் வீடு தேடி வந்தது. பள்ளிக்குப் போற பிள்ளை இருக்கிற வீட்டுக்கு மாசம் நாலு கிட்டும் அதே பையில் வந்திருக்கலாம்னுதான் எனக்குத் தோணுது. கண்டுபிடிச்ச வீட்டுக்கு ஒரு வாரம் அரிசி பருப்பும் சேர்த்து.

தகரம்

இப்ப நான் ஆரம்பிச்ச இடத்துக்கு வரேன். நான் ஏன் அப்லோட் பண்ணல?

ஏன்னா என் தலைக்குள் 2020 ஓடிக்கிட்டு இருந்தது. பாசிட்டிவ்னு தெரிஞ்ச வீட்டு வாசலில் ஸ்டிக்கர். சில தெருவில் தகரம் வெச்சு அடைச்சாங்க. ஆம்புலன்ஸ் வரும்போது எதிர்வீட்டு மாடியிலிருந்து போனில் வீடியோ. சுப்ரீம் கோர்ட்டே 2020 டிசம்பரில், போஸ்டர் ஒட்டற வீடுகளை மத்தவங்க தீண்டத்தகாதவங்களா நடத்தறாங்கன்னு கவலைப்பட்டது, தகுந்த உத்தரவு இல்லாமல் ஒட்டக் கூடாதுன்னு சொன்னது. 2022 பிப்ரவரியில் தகரமெல்லாம் கிடையாது, ஏழு நாள் வீட்டுத் தனிமை, அவ்வளவுதான். எனக்கும் அது தெரியும். ஆனால் பயம் அப்டேட் ஆகல. பழைய வெர்ஷன்லயே ஓடிட்டு இருந்தது.

புனேக்காரர் நோயாளியைப் பரணில் ஒளிச்சார். நான் ஒரு கோட்டை ஆப்புக்குள் போடாம ஒளிச்சேன். என்னை மாதிரி எத்தனை பேர்! மும்பை மாநகராட்சி 2022 ஜனவரியில் மெடிக்கல் கடைகளையே, யாருக்கு கிட் வித்தீங்கன்னு கணக்குக் கொடுக்கச் சொன்னது, ஏன்னா வாங்கினவங்க சொல்லல. வீட்டு டெஸ்ட்டோட பெரிய பலவீனம் காகிதப் பட்டையில் இல்ல, இதில் இருக்கு. வீட்டுக்குத் தெரியும், ஊருக்குத் தெரியாது.

அன்னிக்கு ராத்திரி அக்கா வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பைத் திறந்து வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க. மாமா சொன்னார், "போடாத. நாளைக்குக் கடையில கேட்பாங்க. ஏழு நாள் சம்பளம் போகும்." அவர் சொன்னதில் தப்பே இல்ல. நானும் அவர் கட்சிதான், ஏற்கெனவே ஆப்பை மூடினவன். அக்கா ஆயாவைப் பார்த்தாங்க. ஆயா கட்டிலில் இருந்தபடியே, "வேப்பிலை சொருவாத வூட்டுக்கு எவளாவது பச்சப்புள்ளையத் தூக்கிட்டு வந்துட்டா என்னாடி பண்ணுவ?" என்றார்கள்.

அக்கா டைப் பண்ணாங்க: பையனுக்கு கிட்டில் பாசிட்டிவ் வந்திருக்கு, செவ்வாயிலிருந்து அனுப்பல, திங்கட்கிழமை பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளைகளைப் பார்த்துக்கோங்க. அனுப்பிட்டு போனைக் கவிழ்த்து வெச்சுட்டாங்க.

குரூப்பில் ரொம்ப நேரம் சத்தமே இல்ல. அப்புறம் தனித்தனியா வந்தது. ஒரு அம்மா, "எங்க பொண்ணுக்கும் இருமல், சொல்ல பயமா இருந்துச்சு அக்கா." இன்னொருத்தர், "அந்த கிட் எந்தக் கடையில கிடைக்குது, எவ்வளவு?" வெள்ளிக்கிழமை வகுப்பில் நாலு பெஞ்சு காலியா இருந்ததாம். மாமாவுக்கு ஏழு நாள் சம்பளம் நிஜமாவே போச்சு. அதை நாங்க சமாளிச்சோம், நான் இருந்ததால். நான் இல்லாத வீட்டில் அந்த மெசேஜ் போயிருக்குமான்னு எனக்குச் சந்தேகம்தான். அதனால சொல்லாதவங்களைக் குத்தம் சொல்ல நான் ஆள் இல்ல.

ஆயாவுக்கு எதுவும் ஆகல. பையன் அடுத்த வாரம் பள்ளிக்குப் போனான், இப்ப ஏழாவது தாண்டிட்டான். அலமாரியில் அந்த இரண்டாவது கிட்டோட பட்டை ஒரு டப்பாவில் ரொம்ப நாள் கிடந்தது. இருபது நிமிஷத்துக்கு மேல பார்க்கக் கூடாதுன்னு விதி, ஆனாலும் அக்கா தூக்கிப் போடல.

இந்த வாரத்துக்கு ஒரு வேலை. உங்க வீட்டில் எழுபது தாண்டினவங்க யாராவது இருந்தா, அம்மை போட்ட வீட்டில் என்ன பண்ணுவாங்கன்னு கேளுங்க. யார் முதலில் கண்டுபிடிச்சாங்க, தெருவுக்கு எப்படித் தெரிஞ்சது, பிள்ளைங்க எத்தனை நாள் பள்ளிக்குப் போகல. வாய்ஸ் நோட்டா அனுப்புங்க, அடுத்த எபிசோடில் சேர்த்துக்கறேன். அடுத்த எபிசோடு மரக்காணம் உப்பளத்தைப் பத்தி. அதுவரைக்கும், பார்க்கலாம்.